சில்வானு ஆயருக்கு யாருமில்லை

உட்காருங்க தம்பி. அந்தப் பலகை வேண்டாம், ஈரம். இந்தப் பக்கம் உட்காருங்க. பேராயர் அனுப்பின திருத்தொண்டர்னு சொன்னாங்க, நரைச்ச தாடியோட ஒருத்தர் வருவாருன்னு நினைச்சேன். நீங்க என் மகளைவிட ரெண்டு மூணு வயசு பெரியவரா இருந்தா அதிகம். தம்பின்னே கூப்பிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். இந்தத் தெல்மாரா ஊர் முழுக்க ஒரே பேச்சு. சில்வானு ஆயர் பேரைப் பூசையில புனிதர்களோட சேர்த்து வாசிக்கணும், அதுக்குப் பேராயர் சம்மதிக்கணும், அதுக்கு விசாரிக்க ஆள் வருதுன்னு. எல்லார்கிட்டயும் கேட்டுட்டுக் கடைசியா என்கிட்ட வந்திருக்கீங்க. பெண்டாட்டிகிட்ட கடைசியாத்தான் கேட்பீங்க போல.

சொல்றேன். ஆனா ஒண்ணு, நான் சொல்றதை அப்படியே எழுதணும். அவரு தண்ணி மேல நடந்தாரு, ஓநாய் வந்து காலை நக்குச்சு, அந்த மாதிரிக் கதையெல்லாம் கடைத்தெருவுல நிறைய கிடைக்கும். என்கிட்ட இல்ல. என்கிட்ட இருக்கறது ஒண்ணுதான். எங்களைத் தெரியாதுன்னு சொன்னாரு. பெத்த மகளை, கட்டின பெண்டாட்டியை. அதை எழுதுங்க. எழுதிட்டு அப்புறம் தாராளமா வாசிச்சுக்கோங்க.

அவரு ஆயராகப் பிறந்தவரில்ல. சாயக்காரர். இந்தத் தொட்டிங்க எல்லாம் அவரு கட்டினது. முழங்கை வரைக்கும் நீலமா இருக்கும், எதைப் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. சத்தமாப் பேசுவாரு, சத்தமாச் சிரிப்பாரு. என்னை "வாடி, போடி"தான். "தாமரி, அடுப்புல என்னடி தீயுது"ன்னு தெருமுனையிலேயே கத்திக்கிட்டு வருவாரு. எனக்கு வெட்கமா இருக்கும். இப்ப அப்படிக் கத்த ஒருத்தருமில்ல.

பழைய ஆயர் செத்துப்போனாரு. நல்ல மனுஷன். அடுத்தது யாருன்னு கோயிலுக்குள்ளேயே சண்டை. பாதிப் பேருக்கு நிலக்காரர் மகன் வேணும், பாதிப் பேருக்கு மலையில இருந்த துறவி வேணும். விளக்குத் தண்டைப் பிடுங்கி அடிச்சுக்கிட்டாங்க. அந்தப் பக்கம் செத்தவரு உடம்பு கிடக்குது. இவரு வேலை பாதியில கையைக்கூடத் துடைக்காம அடக்கத்துக்குப் போனவரு. தண்ணிச் சாடி மேல ஏறி நின்னு கத்தியிருக்காரு, "அட பாவிகளா, பெரியவரு முகத்துல ஈ மொய்க்குதுடா! முதல்ல அவரை மண்ணுல வைங்க, அப்புறம் அடிச்சுக்கிட்டுச் சாவுங்க!"

அவ்வளவுதான் சொன்னாரு. கூட்டம் அடங்கிப்போச்சு. யாரோ ஒருத்தன், இன்னைக்கு வரைக்கும் யாருன்னு எனக்குத் தெரியல, தெரிஞ்சா நாக்கை இழுத்து வெச்சு அறுப்பேன், அவன் சொன்னான், "இவரே இருக்கட்டும்." உடனே எல்லாரும், "சில்வானு ஆயர்! சில்வானு ஆயர்!" இவரு ஓடி வந்து அதோ அந்தக் காலித் தொட்டிக்குள்ள குதிச்சு மூடியை இழுத்துப் போட்டுக்கிட்டாரு. விடுவாங்களா? தூக்கிட்டுப் போயிட்டாங்க.

"எனக்குப் பெண்டாட்டி இருக்கா"ன்னு சொல்லிப் பார்த்திருக்காரு. "இனி அவங்க உங்களுக்குச் சகோதரி"ன்னு குருமார் சொல்லிட்டாங்க. என்னை யார் கேட்டா? அவரு கேட்டாரு, அதையும் சொல்லிடறேன். மறுநாள் வந்து வாசல்ல நின்னு, "தாமரி, நீ வேண்டாம்னா நான் போகல"ன்னாரு. எனக்கு வந்த கோபத்துல, "போங்க, போய் ஊரையே கட்டிக்கோங்க"ன்னேன். போங்கன்னா போயிடறதா தம்பி? எத்தனை தடவை போங்கன்னு சொல்லியிருக்கேன், ஒரு தடவையாவது போயிருக்காரா? அன்னைக்குப் போனாரு.

கோயிலை ஒட்டின அறையில இருந்தாரு. நானும் மகளும் இங்க. ரோதைன்னு பேரு, உள்ள நூல் சுத்திக்கிட்டிருக்காளே, அவதான். நான் பருப்பு காய்ச்சி அவகிட்ட குடுத்தனுப்புவேன். அதைத் தூக்கி வாசல்ல கிடக்கறவங்களுக்குக் குடுத்திடுவாரு. ஒருநாள் நானே நேரா போய்க் கேட்டேன். "நீங்க காய்ச்சினது ரொம்ப நல்லா இருந்ததாம், சாப்பிட்டவங்க சொன்னாங்க"ன்னு சொல்றாரு. நல்லா இருந்ததாம்! அதைவிட எனக்கு அந்த "நீங்க"தான் தாங்கல. "சகோதரி, சுகமா இருக்கீங்களா?" யாருக்கு யாருங்க சகோதரி? ஊர் முன்னால நிக்க வெச்சு என்னை யாரோ ஒருத்தி ஆக்கிட்டாரு.

சரி, அதெல்லாம் பொறுத்துக்கிட்டேன். பாரசீகப் படை வந்த கோடையைச் சொல்றேன்.

அந்தக் காலத்துல அலசுற வேலையெல்லாம் மதிலுக்கு வெளியே ஆத்தங்கரையில. காலையில ரோதை மத்த பொண்ணுங்களோட போயிருந்தா. நான் இங்க தொட்டியில கிளறிக்கிட்டிருக்கேன். மணி அடிக்குது. தாறுமாறா அடிக்குது. ஓடறேன். நான் போய்ச் சேர்றதுக்குள்ள கோட்டைக் கதவைச் சாத்திட்டாங்க.

கரையில இருந்த பொம்பளைங்க அத்தனை பேரையும் ஆத்தைத் தாண்டி ஓட்டிட்டுப் போயிட்டானுங்க. அந்தக் கதவை நாங்க நகத்தால பிறாண்டினோம் தம்பி. பெத்தவளுங்க எல்லாம் அந்த மரத்துல நெத்தியை முட்டிக்கிட்டு அழுதோம். கோட்டைத் தலைவன் மேல நின்னு, "கதவைத் திறந்தா ஊரே போயிடும்"னான். அவனுக்குப் பொண்ணு இல்ல.

மதில் மேல ஏறிப் பார்த்தா எதிர்க்கரையில கூடாரம், புகை, குதிரை. பொம்பளைங்களை ஒரு பட்டியில அடைச்சு வெச்சிருக்கானுங்க, எறும்பு மாதிரித் தெரியறாங்க. எது என் பொண்ணுன்னு தெரியல. இதுவான்னு பார்ப்பேன், அதுவான்னு பார்ப்பேன். கண்ணு காந்தற வரைக்கும் பார்த்துட்டு, மறுபடியும் முதல்ல இருந்து பார்ப்பேன். சோறு இறங்கல. தண்ணி குடிச்சா, அவளுக்கு அங்க தண்ணி குடுத்திருப்பானுங்களான்னு தோணும், குடிச்சதைத் துப்பிடுவேன்.

கோயிலுக்கு ஓடினேன். பெரியவங்க நடுவுல இவரு உட்கார்ந்திருக்காரு. "நம்ம பொண்ணு அங்க இருக்கா!"ன்னு கத்தினேன். என்னை நிமிர்ந்து பார்த்தாரு. "தெரியும் சகோதரி. எல்லாரும் அங்கதான் இருக்காங்க"ன்னாரு. எல்லாரும்! நான் எல்லாரையுமா கேட்டேன்? காலுல கிடந்த செருப்பைக் கழட்டி அவர் மேல வீசினேன். ஊர்ப் பெரியவங்க முன்னாலதான். நெஞ்சுல பட்டுக் கீழே விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்து, தட்டி, என் காலடியில வெச்சாரு. வெச்சுட்டு, "என்னை மதில்ல இருந்து கூடையில இறக்கி விடுங்க, நான் போய்க் கேட்கறேன்"ன்னு எழுந்துட்டாரு.

அவரைக் கூடையில இறக்கினபோது கயித்தை நானும் பிடிச்சேன். அதையும் எழுதிக்கோங்க.

அங்க நடந்ததை நான் பார்க்கல. கொல்லன் பெண்டாட்டியும் பிடிபட்டிருந்தா, அவ சொன்னது. என் மகளும் சொன்னா, ஆனா அவ பாதிதான் சொல்லுவா.

படைத்தலைவன் கூடாரத்துக்கு எதிரே வெயில்ல போய் உட்கார்ந்திருக்காரு. ஈட்டிக் கட்டையால குத்தி விரட்டுவானுங்களாம். நொண்டிக்கிட்டே திரும்ப வந்து அதே இடத்துல உட்காருவாராம். கடைசியில அந்தத் தலைவனே வெளியே வந்து, "என்னய்யா உன் கையெல்லாம் நீலமா இருக்கு? நோயா?"ன்னு கேட்டிருக்கான்.

"சாயக்காரன் கை இப்படித்தான் இருக்கும்."

"ஆயர்னு சொன்னாங்களே?"

"அது இப்ப. இது அதுக்கு முன்னால."

அவங்க ராஜா புதுசா ஒரு நகரம் கட்டறானாம். கைத்தொழில் தெரிஞ்சவங்களைப் பிடிச்சுட்டுப் போறதுக்குத்தான் அந்தப் படையே வந்திருக்கு. இவரே சொன்னாராம், "நான் வர்றேன். சாகற வரைக்கும் உங்க ராஜாவுக்குச் சாயம் போடறேன். இந்தப் பொம்பளைங்களை விட்டுடு. நூலைக் கிளறத் தெரியுமே தவிர இவங்களுக்கு எந்தக் கலவையும் தெரியாது." அவனும் யோசிச்சிருக்கான். நல்ல சாயக்காரன் லேசுல கிடைப்பானா? சரின்னுட்டான்.

அதோட முடிஞ்சிருந்தா நான் இப்ப உங்ககிட்ட இப்படிப் பேசிக்கிட்டிருப்பேனா?

பக்கத்துல இருந்த ஒருத்தன் தலைவன் காதுல சொல்லியிருக்கான், "வழியில ஓடிப்போவான். இவனுக்குச் சொந்தம் யாராவது இந்தக் கூட்டத்துல இருந்தா அவங்களைப் பிடிச்சு வைங்க. அப்புறம் ஓட மாட்டான்." உடனே எல்லாரையும் வரிசையா நிறுத்தி, இவரை முன்னால நடக்கவிட்டு, "இதுல உன் ஆளு யாரு?"ன்னு கேட்டிருக்கான்.

"யாருமில்ல."

ரோதை அழுதுக்கிட்டு நின்னிருக்கா. அப்பா பக்கத்துல வந்ததும் வாய் தவறி, "அப்பா"ன்னுட்டா. தலைவன் நின்னுட்டான்.

"இவ யாரு உனக்கு?"

"தெரியாது."

"அப்பான்னாளே?"

"ஊர்ல எல்லாருமே என்னை அப்பான்னுதான் கூப்பிடுவாங்க. நான் ஆயர்."

அவன் லேசுப்பட்டவனில்ல. இவரு முகத்தைப் பார்த்துக்கிட்டே ரோதை கன்னத்துல ஓங்கி ஒண்ணு விட்டானாம். அவ சுருண்டு விழுந்தா. வாயில ரத்தம். என் பொண்ணு தம்பி. இவரு அசையலையாம். கண்ணைக்கூடச் சிமிட்டலையாம். விழுந்து கிடந்தவளைத் தாண்டி அடுத்தவகிட்ட போயிட்டாராம், "இவளையும் தெரியாது"ன்னு சொல்லிக்கிட்டே.

எனக்கும் புத்தி இருக்கு. ஏன் சொன்னாருன்னு எனக்குத் தெரியாதா? மகள்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவளையும் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போயிருப்பானுங்க. ரோதையும் அதைத்தான் சொல்றா. "அம்மா, அப்பா என்னைத் தெரியாதுன்னு சொன்னதாலதான் நான் இங்க இருக்கேன்"னு. சரிடி, ஒத்துக்கறேன். ஆனா கண்ணைச் சிமிட்டாம இருக்க எப்படி முடிஞ்சது? சின்ன வயசுல அவ கால்ல முள்ளுக் குத்தினா இவருதான் முதல்ல கத்துவாரு. அந்த மனுஷனுக்கு எப்படி முடிஞ்சது? பேதுருகூட ஆண்டவரைத் தெரியாதுன்னாரு. ஆனா வெளியே போய் மனங்கசந்து அழுதாரு. இவரு அழுதாரான்னு கேட்டா யாருக்கும் தெரியல.

பொம்பளைங்களை அவிழ்த்து விட்டுட்டானுங்க. கதவைத் திறந்தாங்க. என் பொண்ணு வந்தா. கட்டிக்கிட்டேன். வீங்கின கன்னத்தோட காதுக்குள்ள சொன்னா, "அம்மா, அப்பா என்னைத் தெரியாதுன்னுட்டாரு." எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. அவளைக் கொல்லன் பெண்டாட்டிகிட்ட தள்ளிட்டு ஓடினேன். ஆத்துல இடுப்பளவு தண்ணி, விழுந்து எழுந்து போனேன். படை கிளம்பிடுச்சு. கைத்தொழில்காரங்களை ஒரே கயித்துல பிணைச்சு ஓட்டிட்டுப் போறானுங்க. மதிலுக்கு வெளியே வேலையில இருந்தப்போ பிடிபட்ட தச்சன், கண்ணாடி ஊதறவன், நடுவுல இவரு.

போய்ச் சட்டையைப் பிடிச்சுட்டேன். "நான் யாரு? சொல்லுங்க, நான் யாரு உங்களுக்கு?"ன்னு கத்தறேன்.

காவக்காரன் வந்தான். "யாருடா இவ?"

இவரு என் கையைத் தட்டி விட்டாரு. "தெரியாதுங்க. எங்க ஊர்ப் பைத்தியம். யாரைப் பார்த்தாலும் புருஷன்னு சொல்லும்." அவன் சிரிச்சான். அந்தக் கயித்துல இருந்தவங்க எல்லாம் நம்ம ஊர்க்காரங்க, ஒருத்தன் வாயைத் திறக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

அப்புறம் என் பக்கம் திரும்பினாரு. "போடி"ன்னாரு. "வீட்டுக்குப் போடி. அடுப்புல என்னடி தீயுது, போய்ப் பாருடி."

ஆயரானதுல இருந்து "நீங்க", "வாங்க", "சகோதரி"தான். எத்தனை வருஷம். அன்னைக்கு நடுவழியில, அத்தனை பேரு முன்னால, "போடி"! பைத்தியக்காரியைத்தானே அப்படிப் பேசுவாங்க? அவ்வளவு கேவலமாப் போயிட்டேன் அவருக்கு. அந்தக் குரலை நினைச்சா இன்னைக்கும் எனக்கு ஆறல. தினமும் நினைக்கறேன். சில நாள் சும்மா உட்கார்ந்து அதை மட்டும் நினைச்சுக்கிட்டிருப்பேன்.

காவக்காரன் ஈட்டிக் கட்டையால தோள்ல போட்டான். இந்தக் கை அன்னைக்கு விழுந்தது, தலைக்கு மேல தூக்க முடியாது. புழுதியில கிடந்து பார்த்தேன். திரும்பிப் பார்ப்பாருன்னு பார்த்தேன். பார்க்கல.

பெண்டாட்டின்னு சொல்லியிருந்தா என்னையும் கட்டியிருப்பானுங்க, அதானே சொல்ல வர்றீங்க? கட்டட்டுமே! நான் எதுக்கு ஓடினேன்? கூடவே நடந்திருப்பேன். அந்த நகரத்துலயும் யாராவது ஒருத்தி நூலைக் கிளறணுமில்ல? இங்க ஒருத்தி கன்னம் வீங்கி, யாருமில்லாம வாசல்ல நின்னுக்கிட்டிருந்தான்னு எனக்கு அப்ப நினைப்பில்ல. அவருக்கு இருந்திருக்கும். அவருக்கு எல்லாம் நினைப்பு இருக்கும்.

அதுக்கப்புறம் ஒரு பட்டு வியாபாரி வந்து சொல்லித்தான் மிச்சம் தெரியும். அங்க சாயக் கொட்டடியில வேலை செஞ்சிருக்காரு. பிடிபட்டுப் போன நம்ம ஆளுங்களுக்கு அங்கேயே ஜெபம் சொல்லி, அப்பம் பிட்டுக் குடுத்திருக்காரு. தெரிஞ்சு போச்சு. நெருப்பைக் கும்பிடுன்னானுங்க, மாட்டேன்னுட்டாரு. தலையை வெட்டிட்டானுங்க. அதுக்கு முன்னால அந்த வியாபாரி எப்படியோ அவரைப் பார்த்திருக்கான். "ஊர்ல யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"ன்னு கேட்டிருக்கான். பக்கத்துல காவக்காரன் நிக்கறான். "எனக்கு யாருமில்ல"ன்னுட்டாராம். சாகும்போதுகூட!

ஆச்சு. இதுதான் நடந்தது. எழுதியாச்சா?

என்ன தம்பி, ஏன் கையை எடுத்துட்டீங்க? மை தீர்ந்துபோச்சா?

என்ன? சத்தமாச் சொல்லுங்க. பொய்யா?

இல்ல, புரியல. ஆண்டவருக்காகச் செத்தது கணக்கில்லையா? கணக்குதாங்கறீங்க, ஆனா மத்தவங்க யாரும் உங்ககிட்ட இந்தத் "தெரியாது"வைச் சொல்லல... கொல்லன் பெண்டாட்டிகூடவா? தெரிஞ்சேதான் சொல்லாம விட்டிருக்கா. பேராயர் இந்த விஷயத்துல கண்டிப்பானவரு... உயிரே போனாலும் ஒரு ஆயர் பொய் சொல்லக்கூடாதுன்னு எழுதியே வெச்சிருக்காரு... மூணு தடவை தெரிஞ்சே பொய் சொன்னவரு பேரைப் பலிபீடத்துல...

இருங்க. இருங்க தம்பி. எழுந்திரிக்காதீங்க.

நான் அதுக்கா சொன்னேன்? ஒரு கோபத்துல... என் ஆத்தாமை, அதை யாராவது ஒருத்தர் கேட்டா போதும்னு சொன்னேன். அதை அழிச்சிடுங்க. கேட்டுட்டீங்க, இனிக் கேட்காத மாதிரி எழுத முடியாது, அப்படித்தானே? சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கீங்க. ஐயோ. நான் என்ன பண்ணுவேன். அந்த மனுஷன் நிம்மதியா ஒரு நாள் படுக்கல தம்பி. பட்டினி கிடந்தாரு, அடி வாங்கினாரு. அவரு எலும்பு எங்க கிடக்குதுன்னுகூட எங்களுக்குத் தெரியாது. ஒரு கல்லறை கிடையாது, போய் உட்கார்ந்து அழ ஒரு இடம் கிடையாது. பூசையில அந்தப் பேரு ஒண்ணுதான். அதைக் கேட்கறதுக்குத்தான் நான் உசுரை வெச்சுக்கிட்டு... அதையும் நானே என் வாயால...

உட்காருங்க. கையெடுத்துக் கும்பிடறேன், உட்காருங்க. ஏட்டை எடுங்க. புதுசா எழுதுங்க.

அவரு பொய் சொல்லல.

ஆமா, பொய் சொல்லல. தெரியாதுன்னாரு, உண்மைதான். நான் யாரு அவருக்கு? யாருமில்ல. எனக்குக் கல்யாணமே ஆகல. சாயப்பட்டறையில கூலிக்குக் கிளறினவ நான். புத்தி கொஞ்சம் சரியில்ல, யாரைப் பார்த்தாலும் புருஷன்னு சொல்லுவேன், ஊர்ல கேட்டுப் பாருங்க. ஊரு வேற மாதிரி சொன்னா, பாவம் பைத்தியத்துக்காகச் சொல்றாங்கன்னு எழுதுங்க.

அப்ப இந்தப் பொண்ணு எப்படிப் பிறந்தாங்கறீங்களா? கல்யாணம் ஆகாமலே பெத்தேன். எழுதுங்க. எவனுக்குன்னு தெரியாமப் பெத்தேன். தயங்காம எழுதுங்க, எனக்கென்ன வெட்கம் இனிமே? இந்த வயசுல என்னை யாரு கட்டிக்கப் போறா?

ரோதை! ரோதை, இங்க வா. நூலை வெச்சுட்டு வா. இந்தத் தம்பி கேட்கறாரு, நீ யாரு மகள்னு. நீ உள்ள இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதானே இருந்த? அவரு கண்ணைப் பார்த்துச் சொல்லு. அழாம சொல்லு.

கேட்டீங்களா? சாயக்காரி மகளாம். அப்பா யாருன்னு தெரியாதாம்.

எழுதுங்க தம்பி.